பந்துப் பாம்பா? பர்மா பாம்பா?

"பாம்பு என்றால் படையும் நடுங்கும்" என்பார்கள்.

ஆனால் அமெரிக்காவில், பாம்பைக் காசு கொடுத்து வாங்குகிறார்கள். கண்ணாடிப் பெட்டியில் வைத்து, பெயர் சூட்டி, செல்லமாக வளர்க்கிறார்கள்!

அங்கே நாய், பூனை, கிளி மாதிரி பாம்பும் ஒரு வீட்டுப் பிராணி.

எந்தப் பாம்பு? நல்ல பாம்பு அல்ல, விரியனும் அல்ல. மலைப்பாம்பு!

மலைப்பாம்புக்கு விஷம் கிடையாது. அது இரையைச் சுற்றி வளைத்து இறுக்கும். இரை செத்ததும் முழுசாக விழுங்கிவிடும். விஷம் இல்லை என்ற தைரியத்தில்தான் அதை வீட்டுக்குள் கொண்டுவருகிறார்கள்.

அப்படி வீட்டுக்குள் வந்த மலைப்பாம்புகளில் இரண்டு வகை மிகவும் பிரபலம். ஒன்று, ஆப்பிரிக்காவின் பந்துப் பாம்பு. மற்றொன்று, ஆசியாவின் பர்மா பாம்பு.

முதல் பாம்பு இன்றும் பல வீடுகளில் சாதுவாகக் காலம் தள்ளுகிறது. இரண்டாவது பாம்போ, ஒரு பெரிய காட்டையே காலி செய்துகொண்டிருக்கிறது!

இரண்டுக்கும் அப்படி என்ன வித்தியாசம்?

இரண்டு குட்டிகள்

1990-ம் ஆண்டுகளில் அமெரிக்கக் கடைகளில் இந்த இரண்டு பாம்புகளின் குட்டிகளும் பக்கத்துப் பக்கத்துப் பெட்டிகளில் இருக்கும்.

பந்துப் பாம்பின் குட்டி ஓர் அடி நீளம் இருக்கும். பர்மா பாம்பின் குட்டி அதைவிடக் கொஞ்சம் பெரிசு. சுமார் 2 அடி.

பந்துப் பாம்பு கறுப்பு நிறம். அதன்மேல் பழுப்புத் திட்டுகள். பர்மா பாம்பு பொன் கலந்த பழுப்பு நிறம். அதன்மேல் கரும்பழுப்புத் திட்டுகள், சித்திரம் வரைந்ததுபோல இருக்கும்.

பந்துப் பாம்பைத் தொட்டால் பயந்து சுருண்டுகொள்ளும். பர்மா பாம்பு அப்படி அதிகம் பயப்படாது. பழகிவிட்டால் கையில் அமைதியாக ஊர்ந்து விளையாடும். போட்ட தீனியை மறுக்காமல் தின்னும்.

கடைக்கு வரும் பையன் எதைக் கேட்பான்? "அப்பா, அந்த அழகான பெரிய பாம்புதான் வேண்டும்!" என்று பர்மா பாம்பைக் கேட்பான்.

விலையும் அதிகம் இல்லை. அப்பாவும் வாங்கிக் கொடுத்துவிடுவார்.

1996-ம் ஆண்டு முதல் 2006-ம் ஆண்டு வரை, சுமார் 99 ஆயிரம் பர்மா பாம்புகள் வெளிநாடுகளிலிருந்து அமெரிக்காவுக்கு வந்து இறங்கின.

ஒன்றரை வருஷத்தில் 8 அடி!

பந்துப் பாம்பு மெதுவாக வளரும். 3 வயதில் சுமார் 3 அடி இருக்கும். கடைசிவரை வளர்ந்தாலும் 4 அடி, 5 அடிதான். எடை 2 கிலோ அளவில் நின்றுவிடும். ஒரு சின்னப் பையன்கூட இரண்டு கையால் தூக்கிவிடலாம்.

பர்மா பாம்பு அப்படி அல்ல. நன்றாகத் தீனி போட்டால், ஒன்று அல்லது ஒன்றரை வருஷத்தில் 8 அடியை எட்டிவிடும். வளர்ந்த பெண் பாம்பு 12 அடி முதல் 16 அடிவரை இருக்கும். எடை 50 கிலோவைத் தாண்டுவது உண்டு. உடம்பு பனைமரத் துண்டு மாதிரி உருண்டு திரண்டு இருக்கும்.

அமெரிக்காவின் இல்லினாய்ஸ் மாகாணத்தில் வளர்ந்த ஒரு பர்மா பாம்புக்கு "பேபி" என்று பெயர். பேபி என்றால் குழந்தை. அந்தக் குழந்தையின் எடை எவ்வளவு தெரியுமா? 182 கிலோ! நீளம் 18 அடிக்கும் மேல்!

8 அடிக்கு மேல் வளர்ந்த மலைப்பாம்பை ஒருவர் தனியாகக் கையாளக் கூடாது என்பது பாம்பு வளர்ப்பவர்களின் விதி. பக்கத்தில் இன்னொருவர் கட்டாயம் இருக்க வேண்டும். பாம்பு கழுத்தையோ மார்பையோ சுற்றிக்கொண்டால், தனி ஆளால் பிரித்தெடுக்க முடியாது. பெரிய பர்மா பாம்பு, வளர்ந்த ஓர் ஆளையே இறுக்கிக் கொன்றுவிடும்.

எலி ஒருபுறம், முயல் மறுபுறம்

பந்துப் பாம்புக்குத் தீனி எலி. குட்டிக்கு வாரம் ஒரு சின்ன எலி போதும். வளர்ந்த பிறகு, இரண்டு மூன்று வாரத்துக்கு ஓர் எலி.

அமெரிக்கக் கடைகளில் உறைய வைத்த எலி விற்கிறார்கள். வீட்டில் உறைபெட்டியில் வைத்திருப்பார்கள். வேண்டும்போது எடுத்து, வெந்நீரில் வைத்துச் சூடாக்கி, இடுக்கியால் பாம்பின் முன் நீட்டுவார்கள். உயிருள்ள எலியைப் போட்டால், அது பாம்பையே கடித்துக் குதறிவிடும்!

பர்மா பாம்பும் குட்டியில் எலிதான் தின்னும். பிறகு பெருச்சாளி அளவு எலி. அதன் பிறகு முழு முயல், முழுக் கோழி!

வயிறார உண்டதும் அதன் உடம்புக்குள் ஓர் அதிசயம் நடக்கிறது. அவ்வளவு பெரிய இரையைச் செரிக்க, இரண்டு மூன்று நாளில் அதன் இதயமே 40 சதவீதம் பெருத்துவிடுகிறது! செரித்து முடிந்ததும் பழைய அளவுக்கு வந்துவிடும். விஞ்ஞானிகள் இதை 2005-ம் ஆண்டில் வெளியிட்டார்கள்.

தீனி விஷயத்தில் பந்துப் பாம்புக்கு ஒரு பெரிய குறை உண்டு. அது அடிக்கடி பட்டினி கிடக்கும்! பெட்டி மாறினால் தின்னாது. குளிர் வந்தால் தின்னாது. காரணமே இல்லாமல்கூட, மாதக்கணக்கில் எலியைத் திரும்பிப் பார்க்காது. வளர்ப்பவர் பதறிப்போவார். பாம்போ நிம்மதியாகச் சுருண்டு கிடக்கும். உடம்பு இளைக்காதவரை கவலை இல்லை. இளைத்தால் மிருக வைத்தியரிடம் கொண்டுபோக வேண்டும்.

பெட்டியா, அறையா?

பாம்புக்குத் தன் உடம்பைத் தானே சூடாக்கிக்கொள்ளத் தெரியாது. அதனால் பெட்டியின் ஒரு பக்கம் சூடாகவும், மறுபக்கம் குளிர்ச்சியாகவும் இருக்க வேண்டும். சூடான பக்கம் 32 டிகிரி. குளிர்ந்த பக்கம் 25 டிகிரி. பாம்பு தனக்கு வேண்டிய இடத்தில் போய்ப் படுத்துக்கொள்ளும்.

பந்துப் பாம்புக்கு 4 அடி நீளம், 2 அடி அகலம் உள்ள பெட்டி போதும். அதில் ஒளிந்துகொள்ள இரண்டு மறைவிடங்கள் வேண்டும். ஒரு தண்ணீர்த் தொட்டி வேண்டும். மூடிக்குப் பூட்டு அவசியம். சின்ன இடுக்கு இருந்தாலும் பாம்பு நழுவிவிடும்.

பர்மா பாம்புக்குப் பெட்டி போதாது. தனி அறையே வேண்டும்! அது படுத்து ஊறுவதற்குப் பெரிய தொட்டி வேண்டும். பர்மா பாம்பு நன்றாக நீந்தும். அரை மணி நேரம்வரை தண்ணீருக்குள்ளேயே மூழ்கி இருக்கும்.

அந்த அறையை வருஷம் முழுவதும் சூடாக வைத்திருக்க மின்சாரச் செலவு வேறு. தீனிச் செலவு வேறு. குட்டியின் விலை கொஞ்சம்தான். அதை வளர்க்க ஆகும் செலவுக்கு முடிவே இல்லை.

தாய்ப் பாம்பு

இரண்டு பாம்புகளும் முட்டையிடும். இரண்டும் முட்டையைச் சுற்றிச் சுருண்டுகொண்டு, தீனி தின்னாமல் இரண்டு மாதம் காவல் காக்கும்.

பந்துப் பாம்பு 5, 6 முட்டைதான் இடும். பர்மா பாம்போ 20, 30, 50 என்று இட்டுத் தள்ளும். சில பாம்புகள் 100 முட்டைவரைகூட இடுவது உண்டு.

முட்டை குளிர்ந்துபோகாமல் இருக்க, பர்மா பாம்பு தன் உடம்பை நடுங்கவைத்துச் சூடு உண்டாக்கும்! பந்துப் பாம்புக்கு இந்த வித்தை தெரியாது.

ஒரு தடவையில் 50 முட்டை! இந்தக் கணக்கை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு இதனால்தான் பெரிய விபரீதம் வந்தது.

கோயிலில் வாழும் பாம்பு

பந்துப் பாம்பின் தாயகம் மேற்கு ஆப்பிரிக்கா. கானா, டோகோ, பெனின் ஆகிய நாடுகளில் புல்வெளிகளில் வாழ்கிறது. எலி வளையும், கறையான் புற்றும்தான் அதன் வீடு.

எதிரி வந்தால் அது சீறாது, ஓடாது. தலையை நடுவில் வைத்துக்கொண்டு, உடம்பைப் பந்து மாதிரி சுருட்டிக்கொள்ளும். அதனால்தான் அந்தப் பெயர்.

பெனின் நாட்டில் வீடா என்ற ஊரில், இந்தப் பாம்புக்குக் கோயிலே இருக்கிறது! அங்கே பல பாம்புகள் வாழ்கின்றன. அவற்றில் ஒன்று வெளியே போய் யார் வீட்டிலாவது நுழைந்தால், யாரும் அடிக்கமாட்டார்கள். பக்குவமாக எடுத்துக்கொண்டுபோய் மறுபடியும் கோயிலில் விட்டுவிடுவார்கள்.

நைஜீரியாவில் இக்போ மக்கள் வாழும் சில ஊர்களில், தெரியாமல் மலைப்பாம்பைக் கொன்றுவிட்டால், சவப்பெட்டியில் வைத்து அடக்கம் செய்வார்கள்.

அப்படிக் கும்பிடப்படும் பாம்பு, வியாபாரச் சரக்காகவும் ஆகிவிட்டது. 1975-ம் ஆண்டுக்குப் பிறகு, மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து 30 லட்சத்துக்கும் மேற்பட்ட பந்துப் பாம்புகள் வெளிநாடுகளுக்கு ஏற்றுமதியாகி இருக்கின்றன. கர்ப்பமான பாம்பையும் முட்டையையும் வளையைத் தோண்டி எடுக்கிறார்கள்.

அதனால் விவரம் தெரிந்தவர்கள், காட்டில் பிடித்த பாம்பை வாங்குவது இல்லை. பண்ணையில் பிறந்த பாம்பையே வாங்குகிறார்கள். காட்டுப் பாம்பு உண்ணியும் நோயும் சுமந்து வரும். புது இடத்தில் தீனியும் தின்னாது.

பண்ணைகளில் வெள்ளை, மஞ்சள், புள்ளி போட்டது என்று விதவிதமான நிறங்களில் பந்துப் பாம்பை உண்டாக்குகிறார்கள். இதிலும் ஒரு பரிதாபம். "சிலந்தி" என்று பெயர் வைத்த ஒரு வகைக்குத் தலை ஆடும்! பார்வைக்கு அழகு, ஆனால் பிறவியிலேயே நரம்புக் கோளாறு.

ஒரு குழந்தையின் கதி

2009-ம் ஆண்டு ஜூலை 1-ந் தேதி. அமெரிக்காவின் புளோரிடா மாகாணத்தில் ஒரு வீடு.

அந்த வீட்டில் ஒரு பர்மா பாம்பு இருந்தது. நீளம் எட்டரை அடி. அதை வளர்க்க அனுமதிச் சீட்டு வாங்கவில்லை. பாம்புக்குச் சுமார் ஒரு மாதமாகத் தீனியும் போடவில்லை. பெட்டிக்குச் சரியான பூட்டும் இல்லை.

இரவில் பாம்பு பெட்டியிலிருந்து வெளியே வந்தது. தொட்டிலில் 2 வயதுப் பெண் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

பொழுது விடிந்தபோது, குழந்தை உயிரோடு இல்லை.

2011-ம் ஆண்டில், தாயும் அவருடைய துணைவரும் குற்றவாளிகள் என்று கோர்ட்டு தீர்ப்பளித்தது.

பாம்பின்மேல் குற்றம் சொல்ல முடியுமா? பசித்த பாம்புக்குக் குழந்தை என்றும் தெரியாது, முயல் என்றும் தெரியாது. குற்றம் முழுவதும் மனிதருடையது.

காட்டில் விட்ட பாம்பு

"பாம்பு பெரிசாகிவிட்டது. இனி வீட்டில் வைக்க முடியாது. என்ன செய்வது?"

பர்மா பாம்பு வாங்கிய பலருக்கு இந்தக் கேள்வி வந்தது. மிருகக்காட்சி சாலைகளில் இடம் இல்லை. விலைக்கு வாங்க ஆள் இல்லை. கொல்ல மனம் வரவில்லை.

புளோரிடாவின் தெற்கே எவர்கிளேட்ஸ் என்ற பெரிய சதுப்புநிலக் காடு இருக்கிறது. பர்மாவைப்போலவே வெயிலும் தண்ணீரும் நிறைந்த இடம். சிலர் இரவோடு இரவாகப் பாம்பைக் கொண்டுபோய் அங்கே விட்டார்கள். "பிழைத்துப் போகட்டும்" என்று நினைத்தார்கள்.

பாம்பு பிழைத்துக்கொண்டது. மற்ற பிராணிகள்தான் பிழைக்கவில்லை!

1979-ம் ஆண்டில் அங்கே முதல் பர்மா பாம்பு கிடைத்தது. 1992-ம் ஆண்டுப் புயலில் ஒரு பாம்புப் பண்ணை இடிந்து, பாம்புகள் தப்பியதும் ஒரு காரணம் என்று சொல்கிறார்கள். 2000-ம் ஆண்டில், பாம்புகள் அங்கேயே குட்டி பொரித்துப் பெருகுவது உறுதியாயிற்று.

2012-ம் ஆண்டில் ஓர் ஆராய்ச்சி அறிக்கை வந்தது. காட்டுச் சாலைகளில் கண்ணில் படும் ரக்கூன் என்ற பிராணி, 100-க்கு 99 பங்கு குறைந்துவிட்டது! ஒபாசம் என்ற பிராணியும் அப்படியே. காட்டுப்பூனை 100-க்கு 87 பங்கு குறைந்துவிட்டது.

2022-ம் ஆண்டில் அங்கே பிடிபட்டதாக அறிவிக்கப்பட்ட ஒரு பெண் பாம்பின் எடை 97 கிலோ. அதன் வயிற்றில் 122 முட்டைகள் உருவாகிக்கொண்டிருந்தன. கடைசியாக அது விழுங்கிய இரையின் குளம்பும் இருந்தது. அந்த இரை ஒரு மான்!

2012-ம் ஆண்டில் பர்மா பாம்பை இறக்குமதி செய்ய அமெரிக்க அரசாங்கம் தடை போட்டது. புளோரிடா மாகாணத்தில் அதைச் செல்லப் பிராணியாக வாங்கவும் விற்கவும் தடை வந்தது. பாம்பு பிடிக்கப் போட்டி நடத்திப் பரிசும் கொடுக்கிறார்கள். 2000-ம் ஆண்டு முதல் இதுவரை 23 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பாம்புகளைப் பிடித்துவிட்டார்கள். இன்னும் தீர்ந்தபாடில்லை!

வேண்டாத பிராணியைக் காட்டில் விடாமல் ஒப்படைப்பதற்கு, இப்போது அங்கே அரசாங்கமே ஏற்பாடு செய்திருக்கிறது. கொண்டுவந்து கொடுப்பவருக்குத் தண்டனை கிடையாது.

கடல் கடந்து சென்ற இருளர்கள்

இந்தப் பாம்பைப் பிடிக்க அமெரிக்கா யாரை அழைத்தது தெரியுமா? தமிழ்நாட்டு இருளர்களை!

செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்தவர்கள் மாசி சடையன், வடிவேல் கோபால். தலைமுறை தலைமுறையாகப் பாம்பு பிடிக்கும் இருளர் குலத்தவர். 2017-ம் ஆண்டு ஜனவரியில் இருவரும் புளோரிடா போனார்கள்.

விஞ்ஞானக் கருவி எதுவும் அவர்களிடம் இல்லை. மண்ணில் உள்ள தடத்தைப் பார்த்தார்கள். உரித்த சட்டையைப் பார்த்தார்கள். எச்சத்தைப் பார்த்தார்கள். அதைக் கொண்டே பாம்பு இருக்கும் இடத்தைச் சொன்னார்கள்.

முதல் 8 நாளில் 13 பாம்புகள்! அதில் ஒன்று 16 அடி நீளமுள்ள பெண் பாம்பு. கீ லார்கோ தீவில், பழைய ஏவுகணைத் தளம் ஒன்றில் அது பதுங்கி இருந்தது.

2023-ம் ஆண்டில் இந்திய அரசாங்கம் இருவருக்கும் பத்மஸ்ரீ விருது கொடுத்துக் கௌரவித்தது.

60 வயதைத் தாண்டிய பாம்பு

அப்படியானால் பந்துப் பாம்பை யோசிக்காமல் வாங்கிவிடலாமா? அதுவும் கூடாது!

பந்துப் பாம்புக்கு ஆயுசு அதிகம். வீட்டில் நன்றாக வளர்த்தால் 20 வருஷம், 30 வருஷம் வாழும்.

அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் மிருகக்காட்சி சாலையில் ஒரு பந்துப் பாம்பு இருந்தது. 1961-ம் ஆண்டில் அதை ஒருவர் அங்கே கொடுத்தார். 2020-ம் ஆண்டில், 60 வயதைத் தாண்டிய அந்தப் பாம்பு 7 முட்டை இட்டது! அதற்கு முன் 15 வருஷத்துக்கும் மேலாக அது ஆண் பாம்போடு சேர்ந்ததே இல்லை! பார்த்தவர்கள் வாயடைத்துப்போனார்கள்.

இதிலிருந்து என்ன தெரிகிறது? 10 வயதில் பாம்பு கேட்டு அழும் பையன், வளர்ந்து, படித்து, வேலைக்குப் போய், கல்யாணமும் செய்துகொள்வான். பாம்பு அப்போதும் அதே பெட்டியில் இருக்கும். அதற்கு யார் எலி போடுவது?

வீட்டில் குழந்தை இருந்தால் இன்னொரு எச்சரிக்கை. பாம்பின் உடம்பில் வயிற்றுப்போக்கை உண்டாக்கும் கிருமி இருக்கலாம். தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். 5 வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் பாம்பைத் தொடவே கூடாது என்று டாக்டர்கள் சொல்கிறார்கள்.

எலியைத் தொட்ட கையோடு பாம்பைத் தொடுவதும் ஆபத்து. வாசனை பிடித்து, கையையே எலி என்று நினைத்துக் கவ்விவிடும்!

நம் நாட்டில் என்ன சட்டம்?

நம் நாட்டு மலைப்பாம்பை வீட்டில் வளர்ப்பது குற்றம். 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் அதற்கு முதல் பட்டியலில் இடம் கொடுத்திருக்கிறார்கள். பிடித்தாலோ கொன்றாலோ 3 வருஷம் முதல் 7 வருஷம்வரை ஜெயில்! வயலிலோ தோட்டத்திலோ மலைப்பாம்பைக் கண்டால், அடிக்காமல் வனத்துறைக்குச் சொல்லி அனுப்ப வேண்டும்.

வெளிநாட்டுப் பாம்பைத் திருட்டுத்தனமாகக் கொண்டுவருவதும் குற்றம். 2023-ம் ஆண்டில் கோலாலம்பூரிலிருந்து திருச்சி விமான நிலையத்துக்கு வந்த ஒருவரின் பெட்டியைத் திறந்தார்கள். உள்ளே 47 மலைப்பாம்புகள்!

எது நல்லது?

இரண்டில் எது வீட்டுக்கு ஏற்றது என்று கேட்டால், பந்துப் பாம்புதான். சின்ன உடம்பு, சின்னத் தீனி, சின்னப் பெட்டி. பட்டினி கிடந்து பயமுறுத்தும்; மற்றபடி சாது.

பர்மா பாம்பும் கெட்ட பாம்பு அல்ல. தன் காட்டில் அது ராஜா. அந்த ராஜாவை ஒரு வீட்டுப் பெட்டிக்குள் அடைக்கப் பார்த்ததுதான் தப்பு.

குட்டியாக இருக்கும்போது எல்லாப் பிராணியும் அழகுதான். பாம்புக்குட்டி மட்டும் அல்ல, நாய்க்குட்டியும் அப்படித்தான். பிள்ளைகள் கேட்டால் உடனே வாங்கிவிடாதீர்கள். "இது வளர்ந்தால் எவ்வளவு பெரிசாகும்? எத்தனை வருஷம் வாழும்? கடைசிவரை யார் பார்த்துக்கொள்வார்கள்?" என்று பிள்ளைகளோடு உட்கார்ந்து பேசுங்கள்.

இந்த மூன்று கேள்விக்கும் பதில் தெரிந்த பிறகு வாங்கலாம். தெரியாவிட்டால், மிருகக்காட்சி சாலைக்குக் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டிவிட்டு வரலாம்.